பதின்ம வயதினருக்கான நிதானமான கோடை முகாம்: ஒரு நாளை எப்படி அமைப்பது?

13 முதல் 17 வயது வரை உள்ள 40 பேர், ஏழு நாள் தங்கும் முகாம், இறுக்கமில்லாத நாட்கள். இப்படி ஒன்றை முதல் தடவை பொறுப்பெடுத்து நடத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆள் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் வரிசை மாறாது.

புதுப் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டு வகையில் சறுக்குகிறார்கள். சிலர் காலை 6 மணி முதல் இரவு 10 வரை அட்டவணையை நிரப்பிவிட்டு, நடுவில் 'ஓய்வு: 30 நிமிடம்' என்று எழுதி, அதற்கு நிதானமான முகாம் என்று பெயர் வைக்கிறார்கள். இன்னும் சிலர் 'பிள்ளைகள் இஷ்டம்போல் இருக்கட்டும்' என்று எதையும் யோசிக்காமல் வந்து, இரண்டாம் நாள் மதியம் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் விழிக்கிறார்கள். கூடாரத்துக்கு முளை அடிப்பதுபோல, சில நேரங்களை மட்டும் ஆழமாக அடித்துவிட வேண்டும். மீதித் துணி காற்றில் ஆடினால் ஆடட்டும்.

1. அசையாத நேரங்களை முதலில் குறியுங்கள்

அட்டவணை எழுத உட்காரும்போது விளையாட்டிலிருந்து தொடங்காதீர்கள். சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். காலை உணவு 8:30 முதல் 9:30 வரை, மதியம் 1:00, இரவு 7:30. பிறகு மதிய அமைதி நேரம், இரவு 10:30-க்கு விளக்கணைப்பு. சமையலறை ஒரு மணி நேரம் பிந்தினால் அன்றைய நாள் முழுவதும் பிந்தும். விளையாட்டு பிந்தினால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்த வரிசை.

அடுத்தது தலைக்கணக்கு. நாளுக்கு நான்கு தடவை: காலை உணவு, மதிய உணவு, இரவு உணவுக்குச் சற்று முன், படுக்கையில். பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்து, முகத்தைப் பார்த்து, பெயருக்கு நேராகக் குறிக்க வேண்டும். வெறும் எண்ணிக்கை ஏமாற்றும். ஒரு பையன் இல்லாத இடத்தில் இளம் உதவியாளர் ஒருவர் நின்றிருந்தால் 40 சரியாகவே வரும். எனக்கு ஒரு முறை வந்தது.

'எல்லாரும் வந்தாச்சா?' என்று கேட்பதும் தலைக்கணக்கு ஆகாது. வராதவர் எப்படிப் பதில் சொல்வார்?

2. அவர்கள் வருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வாரம் முன்பே படிவம் போய்ச் சேர வேண்டும். ஒவ்வாமை, எடுத்துக்கொள்ளும் மருந்து, நீச்சல் தெரியுமா, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உண்டா, அவசரத்துக்கு யாரை அழைப்பது. இதைப் பெற்றோர் நிரப்புவார்கள். அதே கேள்விகளில் சிலவற்றை முதல் நாள் பிள்ளையிடம் தனியாகவும் கேளுங்கள். 'நன்றாக நீந்துவான்' என்று அப்பா எழுதியிருப்பார். 'இடுப்பளவு தண்ணீர் வரைதான்' என்று பையன் சொல்வான்.

மருந்துகள் எல்லாம் பெயர், அளவு, நேரம் எழுதிய உறைகளில், பூட்டிய ஒரே பெட்டியில் இருக்கட்டும். இதற்கு இரண்டு விதிவிலக்கு: ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர், கடுமையான ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசி. இவை அந்தப் பிள்ளையிடமோ கூடவே இருக்கும் பெரியவரிடமோ எப்போதும் இருக்க வேண்டும். மூச்சுத் திணறும்போது சாவியைத் தேட நேரம் இருக்காது.

பெரியவர்கள் எத்தனை பேர்? தங்கும் முகாம்களுக்கு அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் சொல்லும் அளவு, 9 முதல் 14 வயதுக்கு 8 பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வயதுக்கு 10 பேருக்கு ஒருவர். அந்தக் கணக்கில் 40 பேருக்கு ஐந்து பேர் போதும் என்று தோன்றும். நான் ஏழு பேரைக் கேட்பேன். ஒருவர் ஒரு பிள்ளையோடு மருத்துவமனைக்குப் போகும் நாள் வரும், அதே நேரத்தில் இன்னொருவர் இரவுக் காவல் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

பெரியவர்களுக்கு ஒரு விதியை முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பேச வேண்டுமா, மற்றவர் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து பேசட்டும். பிள்ளைக்கும் பாதுகாப்பு, பெரியவருக்கும் பாதுகாப்பு.

அப்புறம் ஒன்று. பக்கத்து மருத்துவமனைக்கு ஒரு முறை நீங்களே வண்டி ஓட்டிப் போய்த் திரும்புங்கள். இரவில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

3. முதல் மாலை: பேச்சைக் கடைசியில் வையுங்கள்

எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, வரவேற்புரை, விதிமுறை, அறிமுகம் என்று ஒரு மணி நேரம் ஓட்டுவது எங்கும் நடக்கிற தவறு. பயணக் களைப்பிலும் புது முகங்களின் கூச்சத்திலும் இருப்பவர் காதில் எதுவும் ஏறாது.

வரிசை இப்படி இருக்கட்டும்: கழிப்பறை எங்கே என்று காட்டுவது, தண்ணீர், படுக்கை, சாப்பாடு, எல்லை, கடைசியில் விதி. தன் படுக்கை எது என்று தெரியாதவரை எந்தப் பிள்ளையும் நிலைகொள்ளாது. பையை எங்கே வைப்பது என்ற யோசனையிலேயே இருக்கும்.

யார் பக்கத்தில் யார் படுப்பது என்பதைப் போட்டிக்கு விடாதீர்கள். அருகில் வேண்டும் என்று நினைக்கும் மூன்று பேரின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் ஒருவராவது கிடைப்பார் என்று சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். யாரையும் தெரியாது என்று எழுதுகிறவர்களை ஒரே மூலையில் ஒதுக்காமல், பேசுகிற பிள்ளைகளின் நடுவில் போடுங்கள்.

எல்லையை வரைபடத்தில் காட்டினால் போதாது. சாப்பிட்டதும் எல்லோரும் காலாற நடந்து, 'இந்த மரம் வரை, அந்த வேலி வரை' என்று தொட்டுக்காட்டுங்கள். நடந்த கால் மறக்காது.

விதிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் உங்களுக்கே நினைவிருக்காது. என்னுடைய ஐந்து: கரையில் நின்று கண்காணிக்கும் பார்வையாளர் இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது; எல்லையைத் தாண்டினால் சொல்லிவிட்டு, குறைந்தது மூவராகப் போக வேண்டும்; தலைக்கணக்குக்கு வந்தே ஆக வேண்டும்; பெரியவர் இல்லாமல் நெருப்பு கூடாது; அடுத்தவர் படுக்கைப் பகுதிக்குள் கேட்காமல் போகக் கூடாது. ஏன் மூவர் என்று கேட்பார்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருப்பார், ஒருவர் ஓடிவந்து சொல்வார். காரணம் சொன்னால் இந்த வயதில் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். காரணம் இல்லாத விதியைத்தான் சோதித்துப் பார்ப்பார்கள்.

4. காலை: விசில் ஊதாதீர்கள்

பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் பிந்துகிறது. 9 மணிக்குப் படு என்றால் அவர்களால் முடியாது. சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பயனில்லை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு 11-க்குத் தூங்கி 8 மணிக்கு எழுந்தால் 9 மணி நேரம். அதற்காகத்தான் காலை உணவை 8:30-க்கு வைத்தோம்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேர அவகாசம் கொடுத்தால் சீக்கிரம் எழுகிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டு முடிப்பார்கள், தாமதக்காரர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவார்கள். 9:15-க்குப் பட்டியலைப் பாருங்கள். வராதவர்களின் படுக்கைக்கு ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். 'தூங்குகிறான், விடு' என்று இன்னொரு பையன் சொல்வதை நம்பக் கூடாது. காய்ச்சலில் கிடப்பவனும் தூங்குவது போலத்தான் இருப்பான்.

5. முற்பகல்: ஒரு பெரிய காரியம் போதும்

வெயில் ஏறுவதற்கு முன் உடம்பை அசைக்கும் ஒன்று: நடை, நீச்சல், பந்து. இரண்டு மூன்று தேர்வுகள் கொடுங்கள். அதில் ஒன்று உட்கார்ந்து செய்வதாக இருக்கட்டும், ஓட விரும்பாதவர்களும் உண்டு. '40 பேரும் என்ன செய்யலாம், சொல்லுங்கள்' என்று பொதுவில் கேட்டால் சத்தமாகப் பேசும் நான்கு பேரின் விருப்பம்தான் வரும். முந்தின இரவே ஒரு தாளை ஒட்டி, பெயர் எழுதச் சொல்லுங்கள்.

தண்ணீர் இருக்கும் முகாமில் இந்த நேரத்தில் மட்டும் நிதானம் கிடையாது. முதல் நாள் ஆழமில்லாத இடத்தில் ஒவ்வொருவரையும் நீந்த வைத்துப் பார்த்து, நீந்தத் தெரிந்தவருக்கு ஒரு நிறம், தெரியாதவருக்கு ஒரு நிறம் என்று கைப்பட்டை கட்டுங்கள். தண்ணீரில் எப்போதும் ஜோடியாகவே இருக்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் ஊதினால் ஜோடிகள் கைகோத்து உயர்த்த வேண்டும். தனிக் கை தெரிந்தால் உடனே எல்லோரும் கரைக்கு.

கரையில் இருக்கும் பார்வையாளர் உயிர்காப்புப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது. மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டிக் கத்த மாட்டார். மூச்சு விடவே வாய் போதாதபோது கத்துவது எங்கே? பெரும்பாலும் சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கவனம் சீக்கிரம் களைத்துப்போகும் என்பதால் 20 நிமிடத்துக்கு ஒருவர் என்று பார்வையாளரை மாற்றுங்கள்.

6. மதியம்: சும்மா இருக்க விடுவதுதான் கஷ்டமான வேலை

முகாம் நிதானமானதா இல்லையா என்பது மதியம் 2 முதல் 5 வரைதான் தெரியும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் படுக்கையில் அமைதி. தூங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படிக்கலாம், எழுதலாம், கூரையைப் பார்க்கலாம். பேச்சு மட்டும் கூடாது. நாள் முழுவதும் கூட்டத்தில் இருப்பது சில பிள்ளைகளுக்குப் பெரும் சுமை. தனிமை வேண்டும் என்று வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். எல்லோருக்கும் விதி என்று வைத்துவிட்டால் கேட்க வேண்டியதே இல்லை.

3 மணிக்கு மேல் எதுவும் கிடையாது. திட்டம் இல்லை, அறிவிப்பு இல்லை. முதல் இரண்டு நாள் 'போரடிக்குது அக்கா' என்று வந்து நிற்பார்கள். இங்கேதான் பொறுப்பாளர் கை பரபரக்கும், உடனே ஒரு விளையாட்டைத் தொடங்கிவிடுவார். தொடங்காதீர்கள். 'சரி' என்று மட்டும் சொல்லுங்கள். அரை மணி, முக்கால் மணி நேரம் அலைந்த பிறகு அவர்களாகவே எதையோ கண்டுபிடிக்கிறார்கள். ஒரு தடவை ஒரு கயிறும் பழைய போர்வையும் வைத்து நான்கு பேர் தொடங்கிய ஊஞ்சல் வேலையில் மூன்று நாளில் பதினைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். நான் திட்டமிட்டிருந்தால் அது ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். (ஆள் ஏறுவதற்கு முன் முடிச்சுகளை ஒரு பெரியவர் இழுத்துப் பார்த்தார். அந்த அளவு தலையீடு வேண்டும்.)

சும்மா விடுவதற்கும் கைவிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. சீட்டு, பந்து, காகிதம், வண்ணம், கயிறு, ஓரிரு இசைக்கருவிகள், சதுரங்கப் பலகை ஆகியவற்றைத் திறந்த நிழலில் கண்ணில் படும்படி வையுங்கள். அலமாரியில் பூட்டிவைத்து 'வேண்டுமென்றால் கேளுங்கள்' என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியவர்கள் மூன்று நான்கு இடங்களில் தங்கள் சொந்த வேலையோடு பரவி உட்காரட்டும். காய் நறுக்கலாம், துணி தைக்கலாம். காவல்காரர் போல நின்றால் பிள்ளைகள் விலகிப்போவார்கள். கை வேலையாக இருப்பவரிடம்தான் வந்து பேசுவார்கள்.

தனியாக இருக்கிறவர், ஒதுக்கப்பட்டவர் இருவரையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தனிமையை விரும்பி உட்கார்ந்தவர் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒதுக்கப்பட்டவர் அதே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வரும் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அவரைக் கூட்டத்தின் முன் கொண்டுபோய் 'இவனையும் சேர்த்துக்கோங்க' என்று சொல்லிவிடாதீர்கள். அதைவிடப் பெரிய அவமானம் இந்த வயதில் கிடையாது. இரண்டு பேர் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கொடுங்கள். பெரிய தண்ணீர்க் கலனைத் தூக்கி வருவது போல ஒன்று. கூட யார் என்பதை மட்டும் நீங்கள் யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

வெயிலையும் மறக்கக் கூடாது. தண்ணீர்க் கலன் விளையாடும் இடத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அவர்களுக்கே சொல்லிக்கொடுங்கள். சிரித்துக்கொண்டே பார்த்துக்கொள்வார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தேக்கரண்டி மட்டமாக 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. தலைசுற்றல், குமட்டல் என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. உடனே அவசர ஊர்தியை அழைத்து, அது வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

7. கைபேசி

முழுத் தடை போட்டால் இரண்டாவது கைபேசி தலையணைக்கு அடியில் வரும். முழு அனுமதி கொடுத்தால் மேலே சொன்ன மதியம் வீணாகும், எல்லோரும் குனிந்த தலையோடு இருப்பார்கள். எனக்குச் சரிப்பட்டது: எண் போட்ட பெட்டியில் வைத்து, மாலை 5:00 முதல் 5:45 வரை கையில் கொடுப்பது. படுக்கும் முன் கொடுக்கக் கூடாது. வெளிச்சத்தால் தூக்கம் கெடும், வீட்டுக் குரல் கேட்டால் இரவு முழுக்க அழுகை.

இதை வருவதற்கு முன்பே படிவத்தோடு சொல்லிவிடுங்கள். வந்த இடத்தில் பிடுங்கினால் முதல் மணி நேரமே சண்டை. படுக்கும் இடத்திலும் குளிக்கும் இடத்திலும் படம் எடுக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாக வையுங்கள்.

8. வேலைப் பங்கீடு

ஐந்தாறு பேர் கொண்ட கலப்பு வயதுக் குழுக்கள், தினம் ஒரு வேலை. 'சமையலறையில் உதவி செய்' என்று சொன்னால் ஓரமாக நிற்பார்கள். 'இன்று இரவு பாத்திரம் முழுக்க உங்களுடையது' என்று சொன்னால் செய்கிறார்கள். தங்கள் கையில் முழுதாக இருக்கிற வேலையில்தான் இந்த வயதுக்குப் பெருமை.

சமைக்கும் இடத்துக்கு வருகிறவர் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை சமையல் பக்கம் வரக் கூடாது. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். தாமதக்காரர்களுக்காகச் சாப்பாட்டை மேசையிலேயே விட்டுவைப்பது நல்ல மனசு, ஆனால் மறுநாள் பத்துப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

9. இரவு: சத்தத்திலிருந்து அமைதிக்கு இறங்குங்கள்

இரவு உணவுக்குப் பின் முதலில் ஓட்டமும் கூச்சலும், அடுத்து பாட்டு, அடுத்து கதை, கடைசியில் வெறும் பேச்சு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி 10 மணிக்கு இருட்டில் ஒளிந்து விளையாடவிட்டால் 12:30 வரை யாரும் தூங்க மாட்டார்கள்.

நெருப்பு மூட்டினால் அணைக்கும் வேலையை ஒரு பெரியவர் பெயரில் எழுதிவையுங்கள். தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. மேலே கறுத்திருந்தாலும் அடியில் தணல் இருக்கும்.

10:30-க்கு விளக்கணைப்பு, 11 வரை குசுகுசுப்பு பரவாயில்லை. ஒரு பெரியவர் வெளியே சிறு விளக்கோடு உட்கார்ந்திருந்தால் போதும். உள்ளே போய் அதட்டினால் அதுவே விளையாட்டாகிவிடும்.

10. வீட்டு நினைப்பு

முதல் இரண்டு மூன்று இரவுகளில்தான் அதிகம். பகலில் சிரித்துக்கொண்டிருந்தவரே படுக்கையில் வயிற்றுவலி என்பார். 16 வயதுக்காரருக்கும் வரும், ஆனால் மறைப்பார், கோபமாகக் காட்டுவார்.

'அழாதே, நாளைக்குச் சரியாயிடும்' என்பதைவிட 'வீட்டில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள்?' என்று கேட்டுப் பத்து நிமிடம் பேச விடுவது நல்லது. பிறகு மறுநாள் காலைக்கு ஒரு சின்ன வேலையை ஒப்படையுங்கள். எழுந்தவுடன் தன்னை எதிர்பார்க்கும் ஒன்று இருந்தால் இரவு கொஞ்சம் சுருங்கும்.

பெற்றோரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'பிடிக்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிடறேன்' என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். அப்படிச் சொல்லி அனுப்பிய பிள்ளை முகாமைப் பார்க்காது, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று நாள் கடந்தும் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் மட்டும் வீட்டாரை அழைத்துச் சேர்ந்து முடிவெடுங்கள்.

11. மூன்றாம் நாளும் மழை நாளும்

மூன்றாம் நாள் சண்டை வரும். எந்தக் குழுவிலும் வரும். காரணம் பெரும்பாலும் தூக்கக் குறைவுதான், பஞ்சாயத்து வேண்டியதில்லை. அன்று மாலை நிகழ்ச்சியை ரத்து செய்து, அடுத்த நாள் காலை உணவை ஒரு மணி நேரம் தள்ளுங்கள். பாதிச் சண்டை காணாமல் போயிருக்கும்.

மழைக்கு உள்ளே செய்யும் வேலைகளை ஒரு பெட்டியில் தயாராக வையுங்கள். இடிக்கு வேறு விதி. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 விநாடியோ அதற்குக் குறைவோ என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தண்ணீர், மைதானம், மரத்தடி, கூடாரம் எல்லாவற்றையும் விட்டு உறுதியான கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபின்தான் வெளியே வர வேண்டும்.

12. பெரியவர்களின் 15 நிமிடம், பிறகு கடைசி நாள்

தினமும் மதிய அமைதி நேரத்தில் பொறுப்பாளர்கள் கூடுங்கள். இரவு 11-க்கு மேல் கூடினால் யாரும் யோசிக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். மூன்று கேள்வி போதும்: இன்று யார் தனியாகத் தெரிந்தார்கள், யார் சாப்பிடவில்லை, நம்மில் யார் களைத்திருக்கிறோம். மூன்றாம் கேள்விக்கு யார் பெயர் வருகிறதோ அவருக்கு அன்று மாலை விடுப்பு.

கடைசி நாள் காலையில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். மூட்டை கட்டவே எதிர்பார்த்ததைவிட இரு மடங்கு நேரம் பிடிக்கும். கேட்பாரற்றுக் கிடக்கும் துணிகளையும் செருப்புகளையும் நீளமான ஒரு மேசையில் பரப்பிவைத்து, எல்லோரையும் அதைக் கடந்து நடக்க வையுங்கள். பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தோம் என்று பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். கைபேசிப் பெட்டி காலியா என்று பாருங்கள். மருந்துப் பெட்டியையும் திறந்து பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு உறை அடியில் கிடக்கும்.